வால் விட்ட முடிச்சு

என் மனைவி ருக்குமணி செய்துவந்த வேலை கடல் தாண்டிப் போனது. மறுநாள் காலையிலிருந்து அவள் ஈசானி மூலைப் பக்கமாகச் சாயத் தொடங்கினாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த வருஷம் திருப்பூரில் பாதிப் பேர் சாய்ந்துதான் நடந்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சுலபம்தான்.

ஒரு வேலையைப் பல வருஷம் செய்தால், வேலைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு இழுப்பு உண்டாகிறது. வேலை பக்கத்தில் இருக்கும்வரை அது தெரியாது. வேலை தூரம் போனால், போன திசைக்கு ஆள் சாய்வார். பக்கத்து மாநிலத்துக்குப் போன வேலை என்றால் லேசான சாய்வு. பஸ்ஸில் நிற்பதுபோல இருக்கும். கடல் தாண்டிப் போனது என்றால் சாய்வு நாளுக்கு நாள் கூடும். எங்கள் ஊர் ஆர்டர்கள் போன நாடு வடகிழக்கில் இருந்தது. அதனால்தான் ஈசானி மூலை.

எங்கள் வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது ருக்குமணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஈசானி மூலைதானுங்க?" என்றார்.

"ஆமாங்க."

"அப்பப் பரவால்ல. கன்னி மூலைன்னாத்தான் வீட்டுக்கு ஆகாது."

ருக்குமணி பனியன் கம்பெனியில் செக்கிங் செய்தாள். தைத்து வரும் பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிப்பது செக்கிங். அதோடு தொங்கும் நூலை வெட்ட வேண்டும். அதற்குப் பிசிறு என்று பெயர். வெட்டும் சின்னக் கத்தரிக்கு டிரிம்மர் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும். கயிறு போட்டு விரலில் மாட்டிக்கொள்வார்கள். அழுத்தினால் வெட்டும், விட்டால் தானாகத் திறக்கும். உள்ளே ஒரு வளைந்த தகடு இருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

கம்பெனி மூடிய பிறகும் டிரிம்மர் அவள் விரலிலேயே இருந்தது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அவள் வாயால் சொல்ல மாட்டாள். வெறும் டிரிம்மரை இரண்டு தரம் அழுத்துவாள். கிளிக், கிளிக். நான் என்ன தப்புச் செய்தேன் என்று சுற்றிலும் பார்ப்பேன். பெரும்பாலும் நூல் சம்பந்தப்பட்டதாக இருக்கும்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். என் பெயர் செல்லமுத்து. என் வேலை எங்கேயும் போகவில்லை. ரிப்பேருக்கு மெஷின்கள் வருவது நின்றது. அதனால் வேலை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. போன வேலை ஆளைச் சாய்க்கும். உட்கார்ந்த வேலை ஆளை அமுக்கும். நான் ஒரே இடத்தில் நின்றால் தரைக்குள் கொஞ்சம் இறங்குவேன். சிமெண்டுத் தரை என்றால் கணுக்கால்வரை. மண் என்றால் இன்னும் கொஞ்சம். காலை எடுத்ததும் தரை மூடிக்கொள்ளும். யாருக்கும் தொந்தரவு இல்லை.

பக்கத்து வீட்டு வேலுச்சாமி கட்டிங் மாஸ்டர். அவர்தான் எங்கள் தெருவில் முதலில் போனவர். ஆரம்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு சுவரில் சாய்ந்தே இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் கால் தரையை விட்டது. கட்டிங் மேசையில் விரித்த துணிபோல நீட்டமாக, தட்டையாக, இடுப்பு உயரத்தில் கிடந்தார். அப்படியே ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"வரட்டுங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்க," என்றோம்.

அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொசு வரும் என்று ஜன்னலைச் சாத்தினாள். வேலுச்சாமி திரும்பவில்லை.

ருக்குமணியை அப்படி விட எனக்கு மனம் இல்லை.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ரிப்பேருக்கு வந்து யாரும் எடுக்க வராத ஓவர்லாக் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. ஓவர்லாக் மெஷினைத் துணி இல்லாமல் ஓட்டினால், நூல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு சங்கிலியாக வெளியே வரும். செயின் என்போம். ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டினேன். கூடை நிறைய செயின் வந்தது. அதைப் பல மடிப்பாக முறுக்கி ஒரு கயிறு செய்தேன். ஒரு முனையை என் கணுக்காலில் கட்டினேன். மறு முனையை அவள் இடுப்பில் கட்டினேன். அவள் சாய, நான் அமுங்க, இரண்டும் சரியாகிவிட்டது. இப்படி ஒரு கணக்கு ஒத்துவரும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயின் வழுக்கும் பொருள். முடிச்சுப் போட்டு முனையை ஒட்ட வெட்டினால் முடிச்சு நழுவிவிடும். அதனால் முடிச்சுக்கு அப்பால் ஒரு விரல் நீளம் விட வேண்டும். அது வால். வால் இருக்கும்வரை முடிச்சு நிற்கும்.

ருக்குமணி அந்த வாலைப் பார்த்தாள். கிளிக், கிளிக்.

"அது பிசிறு இல்லை. வால்," என்றேன்.

"நீங்க செய்யற எதுலயும் ஒரு வால் தொங்கும்."

"வால் இல்லீனா முடிச்சு நிக்காது ருக்கு."

"சரக்கு வாங்கற பையர் பாத்தா பீஸைத் திருப்பி அனுப்பிப்போடுவான்."

அவள் சமைக்கும்போது நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அமுங்கிக்கொண்டிருப்பேன். அவள் குளிக்கும்போது கயிறு கதவுக்கு அடியில் போகும். நாங்கள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் சாய்வு கூடியது. கயிறு சில சமயம் வீணைத் தந்திபோல முனகியது. தூங்கும்போது அவள் பாயின் ஒரு ஓரத்துக்கு வந்துவிடுவாள். தலைமாடு ஈசானி மூலையில் இருந்தது.

அப்போதுதான் அரசாங்கம் ஈயச் செருப்பு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டோம்.

வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கான உதவி அது. தோல் வார், ஈய அடி. போட்டுக்கொண்டால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கடைக்குப் போகலாம், வேறு வேலை தேடலாம். ஆயுளுக்கு ஒரு ஜோடி. தகுதி இருந்தால் அன்றைக்கே கையில் தருவார்கள்.

வேலுச்சாமியின் மனைவிதான் இதைச் சொன்னாள்.

"நாங்க போனப்ப அவுரு ரொம்பச் சாஞ்சிட்டாருன்னு சொல்லிப்போட்டாங்க அக்கா. சீக்கிரம் போங்க."

அன்று காலையே கிளம்பினோம். ருக்குமணி முன்னால் சாய்ந்தபடி நடந்தாள். நான் பின்னால் ஒவ்வொரு அடியாகத் தரையிலிருந்து பிடுங்கி நடந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் கயிற்றைப் பார்த்து லக்கேஜா என்று கேட்டார். நான்தான் லக்கேஜ் என்றேன். அவர் டிக்கெட் கிழித்தார்.

அலுவலகம் ஒரே ஒரு வராந்தா. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஜன்னல். அது வடகிழக்கைப் பார்த்து ஓடியது. வாசல் இருந்தது. மறுமுனை இல்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அங்கிருந்து புதுத் துணியின் வாசனையும் உப்புக்காற்றும் சேர்ந்து வந்தன.

வாசலில் ஒரு அட்டெண்டர் நின்றார். சட்டையில் அங்கப்பன் என்று எழுதியிருந்தது.

"எத்தன பேருங்ணா?"

"ஒருத்தர். நான் கூட வந்தவன்."

"பொறுங்க. இன்னொரு ஜன்னல் கூட்டணும்."

அவர் சுவரைப் பார்த்துத் தலையசைத்தார். தூரத்தில் எங்கேயோ ஒரு ஜன்னல் திறந்தது. வராந்தா அந்த அளவு நீண்டது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ஜன்னல் என்று அவர் விளக்கினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"இந்தக் கடைசியில என்னங்க இருக்கு?" என்றேன்.

"இது ஆபீசுங்ணா. கடைசி எல்லாம் கெடையாது. ரொம்பத் தள்ளிப் போகாதீங்க. தண்ணி வருது."

சாய்ந்தவர்களுக்கு அந்த வராந்தா இறக்கம். ருக்குமணி கயிற்றை இழுத்துக்கொண்டு விடுவிடு என்று போனாள். எனக்கு அது ஏற்றம். பெஞ்சுகளில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். காற்றடித்த சோளக்காடுபோல இருந்தது. எல்லாருடைய கண்ணும் அந்த வெளிச்சத்தில் இருந்தது. ஒரு ஆள் மட்டும் என்னைப் பார்த்து, "நீங்க எப்படிங்க நேரா நிக்கறீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். கெட்ட வார்த்தையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

அதிகாரியின் பெயர் லில்லி புஷ்பம். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். மேசையில் ஒரு தூக்குக்குண்டு இருந்தது. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அது.

"பேர்?"

"ருக்குமணிங்க மேடம்."

"இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ருக்குமணி என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை லேசாக இழுத்தேன். அவள் அசைந்தாள். லில்லி புஷ்பம் எழுதிக்கொண்டார்.

"இவர் யாரு?"

"வீட்டுக்காரருங்க."

"இங்க எதுக்கு?"

"எடைக்குங்க," என்றேன்.

"எடை," என்று எழுதினார். "உங்க வேலையும் போயிருச்சா?"

"ஆமாங்க. ஆனா போகலீங்க. உட்காந்துருச்சு."

"எந்தப் பக்கம்?"

"கீழ."

"கீழ வெளிநாடு கிடையாது. அது சுரங்கத் துறை. உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

இது எனக்கு நியாயமாகவே பட்டது. நான் செருப்புக்காக வரவும் இல்லை. எனக்குச் செருப்புக் கொடுத்தால் நான் முழங்கால்வரை போய்விடுவேன்.

முதலில் சாய்வை அளந்தார்கள். அங்கப்பன் தூக்குக்குண்டின் நூலை ருக்குமணியின் மூக்கு நுனியில் பிடித்தார். குண்டு தரையில் எங்கே தொடுகிறது என்று லில்லி புஷ்பம் குனிந்து பார்த்தார். கால் விரலுக்கும் குண்டுக்கும் உள்ள தூரம்தான் சாய்வு. எடுத்துக்காட்டுக்கு, நான் நின்றால் குண்டு என் கட்டைவிரல்மேல் இறங்கும். அளக்கும்போது கயிற்றைத் தளர்த்தச் சொன்னார்கள். நான் கொஞ்சம் விட்டேன். ருக்குமணி இன்னும் சரிந்தாள். குண்டு தரையில் போட்டிருந்த ஒரு சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அதை ஒட்டி இறங்கியது.

"கோட்டைத் தாண்டினா?" என்றேன்.

"பாஸ்போர்ட் ஆபீஸ்."

"இன்னிக்கு வந்தது நல்லதுங்க," என்றார் அங்கப்பன். "சாயங்காலம் வந்திருந்தா அக்கா தாண்டியிருக்கும்."

கயிற்றை மறுபடி இழுத்துப் பிடித்தேன்.

"இப்ப பிரிவுச் சோதனை," என்றார் லில்லி புஷ்பம்.

அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வேலை ஆளை விட்டுப் போனால் மட்டும் போதாது. ஆளும் வேலையை விட்டிருக்க வேண்டும். சிலருக்குக் கம்பெனி மூடியும் கை மூடுவதில்லை. அது தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் சட்டப்படி அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். வேலையில் இருப்பவருக்கு வேலை இழந்தவருக்கான உதவியைக் கொடுக்க முடியாது.

எங்களுக்கு முன்னால் ஒரு டெய்லர் இருந்தார். அவர் காலுக்கடியில் ஒரு செங்கல்லை வைத்தார்கள். கால் அதைப் பெடலாக நினைத்து மிதித்தது. செங்கல் ஓடத் தொடங்கியது. உண்மையாகவே ஓடியது. தையல் சத்தம் கேட்டது. "வேலையில் இருக்கிறார்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் காலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ருக்குமணிக்கு ஒரு வெள்ளை டீ-சர்ட்டைக் கொண்டுவந்தார்கள். ஆணியில் மாட்டினார்கள். அதில் கழுத்தில், கையில், அடிமடிப்பில் எல்லாம் நூல் தொங்கியது. அவ்வளவு பிசிறுள்ள பீஸை நான் பார்த்ததே இல்லை. யாரோ ரொம்ப யோசித்து அதைத் தைத்திருக்க வேண்டும்.

"டிரிம்மரைக் கழட்டட்டுங்களா மேடம்?" என்றாள் ருக்குமணி.

"கழட்டினா சோதனை இல்லையே. அங்கப்பன் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க வெட்டக் கூடாது. அவ்வளவுதான்."

அங்கப்பன் டீ வாங்கி வந்தார். ஊதி ஊதிக் குடித்தார். அவ்வளவு நிதானமாக டீ குடிக்கும் மனிதரை அரசாங்கம் தேடிப் பிடித்திருந்தது.

ருக்குமணியின் கண் கழுத்துப் பிசிறில் நின்றது. டிரிம்மர் பாதி மூடியது, திறந்தது. அவள் உதட்டைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை புள்ளி புள்ளியாக வந்து, அதுவும் ஈசானி மூலைப் பக்கமாக ஓடியது.

"என்னால ஆகாதுங்க," என்றாள்.

"ஆகும் ருக்கு."

"அந்தக் கைமடிப்புல பாருங்க. எப்படித் தொங்குதுன்னு பாருங்க."

நான் யோசித்தேன். பிறகு நூலின் இறுக்கம் எப்படி உண்டாகிறது என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தையல் மெஷினில் இரண்டு சின்ன வட்டத் தகடுகள் இருக்கின்றன. நடுவே நூல் போகிறது. தகடுகளை ஒரு சுருள் கம்பி அழுத்துகிறது. திருகைத் திருப்பினால் கம்பி சுருங்கும், தகடு நெருங்கும், நூல் இறுகும். அதிகம் இறுகினால் நூல் அறும். தளர்ந்தால் தையல் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் நூலுக்கு நூல் மாறும். காட்டன் நூல் என்றால் ஒரு மாதிரி. பாலியெஸ்டர் என்றால் வேறு மாதிரி...

ருக்குமணியின் இமை இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து நான் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் தூங்கிவிடுவாள். கை தளர்ந்தது. லேசாகக் குறட்டை வந்தது. பெஞ்சில் இருந்த டெய்லரும் தூங்கிவிட்டார். அவர் கால் நின்றது.

அங்கப்பன் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தார்.

"பிரிந்துவிட்டார்," என்று எழுதினார் லில்லி புஷ்பம். முத்திரை குத்தினார். "தகுதி உண்டு. செருப்பு எடுத்துட்டு வாங்க."

என் விளக்கம் அவளுக்கு முதல்முறையாகப் பயன்பட்டது. நான் அவளை எழுப்பினேன். அவள் ஆணியில் இருந்த டீ-சர்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"கிடைச்சிருச்சுங்களா?"

"கிடைச்சிருச்சு."

"இனி நீங்க அடுப்படில நிக்க வேண்டாம்."

"வேணும்னா நிக்கறேன்," என்றேன்.

அங்கப்பன் செருப்பை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். தூக்கி அவள் காலுக்கு முன்னால் வைத்தபோது வராந்தா அதிர்ந்தது. கறுப்பு வார். சாம்பல் நிற அடி. நல்ல வேலைப்பாடு. ஆனால் வாரின் தையலில் நூல் தொங்கியது.

ருக்குமணி அதைப் பார்த்தாள்.

"மேடம், இப்ப வெட்டலாமுங்களா?"

"சோதனைதான் முடிஞ்சிருச்சே. தாராளமா."

"முதல்ல போட்டுக்கோ ருக்கு. அப்புறம் வெட்டலாம்," என்றேன்.

"பிசிறோட போட்டா டேமேஜுங்க."

அவள் குனிந்து வாரின் பிசிறை வெட்டினாள். கிளிக். அடுத்த வாரில் ஒன்று. கிளிக். மத்தியானம்வரை அடக்கிவைத்த கை அது. அங்கப்பனின் சட்டைக் கைமடிப்பில் ஒரு நூல் தொங்கியது. அவர் கையை நீட்டினார். கிளிக். லில்லி புஷ்பத்தின் புடவை ஓரத்தில் ஒன்று. அவர் மேசையைச் சுற்றி வந்து காட்டினார்.

"எவ்வளவு நாளா இது இப்படியே கிடக்கு," என்றார். "நன்றிம்மா."

ருக்குமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேறு எங்கே இருக்கிறது என்று தேடினாள். மேசை விரிப்பு. கிளிக். தூக்குக்குண்டின் நூல் முனை. கிளிக். பிறகு தன்மேலேயே பார்த்துக்கொண்டாள். முந்தானை. கிளிக். ரவிக்கைக் கை. கிளிக். இடுப்பு.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒரு அடி முன்னால் வைக்கப் பார்த்தேன். இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றதால் கால் கெண்டைக்காலுக்கு மேல் இறங்கியிருந்தது. தரை விடவில்லை.

"ருக்கு, அது வால்!"

"அட, பிசிறு எது, வால் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

கிளிக்.

ஒட்ட வெட்டியிருந்தாள். கம்பெனியில் எப்படி வெட்டுவாளோ அப்படி. துணிக்கும் நூலுக்கும் நடுவே காகிதம்கூடப் போகாது. இப்படி ஒரு வெட்டை எந்த பையரும் குறை சொல்ல முடியாது.

முடிச்சு ஒரு கணம் நின்றது. பிறகு வழுக்கியது. எப்படி வழுக்கும் என்று நான் சொல்லியிருந்தேனோ, அப்படியே.

அவள் கால் தரையை விட்டது. அவள் மெதுவாகப் படுத்தாள். தட்டையாக, நீட்டமாக, இடுப்பு உயரத்தில். செருப்பு இரண்டும் அவள் நின்ற இடத்தில் ஜோடியாக இருந்தன. நான் கையை நீட்டினேன். அவள் முந்தானை நுனி என் விரலில் பட்டது. அதில் பிடிக்க எந்த நூலும் இல்லை. எல்லாவற்றையும் அவள் வெட்டியிருந்தாள்.

அவள் வராந்தாவில் வெளிச்சத்தை நோக்கி நகர்ந்தாள். வேகம் இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள். சிலர் பொறாமையோடு பார்த்தார்கள்.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டாள்.

"சொல்லு ருக்கு!"

"தண்ணி மோட்டாரை நிறுத்திட்டு வந்தீங்களா?"

"நிறுத்திட்டேன்!"

நிறுத்தினேனா என்று எனக்கு நினைவு இல்லை. அவள் நிம்மதியாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. அடுத்த ஜன்னல். அடுத்தது. பிறகு வெள்ளையாக ஒரு புள்ளி. பிறகு எந்த வெள்ளை அவள், எந்த வெள்ளை வெளிச்சம் என்று பிரிக்க முடியவில்லை.

அங்கப்பன் என் அக்குளில் கைகொடுத்து என்னைத் தரையிலிருந்து பிடுங்கினார். கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"மனு நிலுவையில் இல்லை," என்றார் லில்லி புஷ்பம். "தகுதி கொடுத்தாச்சு. செருப்பும் கொடுத்தாச்சு. கொடுத்ததைத் திரும்ப வாங்க எங்களுக்கு விதி இல்ல. எடுத்துட்டுப் போங்க."

"மேடம், என் மனைவி வெளிநாடு போயிட்டாங்க."

"ஆமா. பாத்தேன்."

"அப்ப நானும் மனுப் போடலாமுங்களா?"

அவர் அங்கப்பனைத் தூக்குக்குண்டை எடுத்து என் மூக்கில் பிடிக்கச் சொன்னார். குண்டு இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அது என் கட்டைவிரல்மேல் நின்றது. நேராக இருந்தேன்.

"நியாயமா நீங்க சாஞ்சிருக்கணும்," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆனா போனது வேலையா இருக்கணும். ஆளா இருந்தா இந்தக் குண்டு காட்டாது."

"அதுக்கு எந்த ஆபீசுங்க?"

லில்லி புஷ்பம் அங்கப்பனைப் பார்த்தார். அங்கப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"அடுத்து யாரு?" என்றார் லில்லி புஷ்பம்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். செருப்பை மடியில் வைத்துக்கொண்டேன். பெஞ்சு ஒரு ஓரமாக அமுங்கியது. டெய்லர் என் பக்கமாக வழுக்கி வந்தார். அவருக்கு நூலின் இறுக்கத்தைப் பற்றி மிச்சம் கேட்க வேண்டும்போல இருந்தது. சொன்னேன். பாலியெஸ்டரில் ஆரம்பித்தேன்.

ஒரு புருஷனும் பொண்டாட்டியும் உள்ளே வந்தார்கள். ஒரு வேட்டியால் தங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த அம்மாளின் விரலிலும் டிரிம்மர் இருந்தது. நான் அவர்களைக் கூப்பிட்டு முடிச்சை உள்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன். வாலைக் கண்ணில் படாமல் செருகச் சொன்னேன். எதற்கு என்றும் விளக்கினேன். புருஷன் பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். என் கணுக்காலில் கயிற்றின் மறு முனை இன்னும் கட்டியிருந்தது. முடிச்சு நன்றாக இருந்தது. முடிச்சுக்கு அப்பால் ஒரு விரல் நீளம் வால் தொங்கியது.

அப்போது வராந்தாவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று நினைத்தேன். பிறகு கவனித்துக் கேட்டேன். கிளிக். கொஞ்சம் இடைவெளி. கிளிக். கொஞ்சம் இடைவெளி. பீஸைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கை.

சத்தம் நின்றது.

பிறகு வெறும் டிரிம்மர் இரண்டு தரம் அழுந்தியது. கிளிக், கிளிக்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு குனிந்து என் கணுக்காலைப் பார்த்தேன்.

"அண்ணா, உங்குளுக்கும் அது தொங்குதுங்க," என்றாள் அந்த அம்மாள். டிரிம்மரை நீட்டினாள். "வெட்டிரட்டுங்களா?"

"வேண்டாம்மா."

"உள்ளயாச்சும் செருகிக்கோங்க."

தூரத்தில் மறுபடி. கிளிக், கிளிக். இந்தத் தரம் கொஞ்சம் கோபமாக.

நான் காலை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டேன். வால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தொங்கியது. அதை நான் செருகவில்லை.